எந்த வயதில் பிள்ளையைத் தனியாக அனுப்பலாம்?

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட எங்கே போனாலும் நாமே வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். எப்போது தனியாக அனுப்பலாம்?

வயதுக் கணக்கு என்னிடம் இல்லை. என் மகளை அனுப்பிய கதையைச் சொல்கிறேன்.

வீடு ஸ்ரீரங்கத்தில், பள்ளி காவிரிப் பாலம் தாண்டி மெயின்கார்டு கேட் பக்கம். ஆறாம் வகுப்பு முடியும்வரை காலையும் மாலையும் நான்தான் டிரைவர். நான் வெளியூர் போயிருந்த ஒரு நாள் ஆட்டோக்காரரும் வரவில்லை. பிள்ளை லீவு போட்டுவிட்டாள். ஐந்து நிமிடம் நடந்தால் ஒண்ணாம் நம்பர் பஸ். அதில் ஏறிப் போகத் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தே வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

முதலில் தெருமுனைக் கடையில் தயிர் வாங்க அனுப்பினேன். பிறகு டியூஷனுக்கு சைக்கிள். அதன்பின் இரண்டு வாரம் பஸ்ஸில் கூடவே போனேன், ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். எந்த பஸ், எங்கே இறங்குவது, எங்கே ரோட்டைக் கடப்பது எல்லாம் அவள் பாடு. ஒருநாள் முன்னாடியே, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டாள். நானும் பேசாமல் இறங்கினேன். வழி கேட்டு நடந்தோம். பள்ளியில் திட்டு வாங்கினாள். அந்த ஒரு நாளில் கற்றது மீதி நாட்களில் கற்றதைவிட அதிகம். நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடக்காதே, அது நகரட்டும். பையில் எங்கள் நம்பர்களும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ம் எழுதிய சீட்டு.

தனியாகப் போன முதல் நாள் பின்னாலேயே வண்டியில் போனேன். திருவானைக்காவலில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் வரை பேசவில்லை.

அரசு டவுன் பஸ்ஸில் மாணவர்களுக்கு பாஸ் உண்டு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்கள் எல்லோருக்குமே இலவசம். திருச்சியில் தனியார் டவுன் பஸ்ஸும் நிறைய ஓடும், அதில் இதெல்லாம் செல்லாது. சில்லறை கொடுத்தனுப்புங்கள்.

பயம் எல்லோருக்கும் உண்டு. பிள்ளை பிடிக்கிறவனை நினைத்துப் பயந்தேன். உண்மையில் பயப்பட வேண்டியது பள்ளி விடும் நேரத்து வாசலைப் பார்த்து. காரும் ஸ்கூட்டரும் ரோட்டை அடைத்து நிற்க, நடந்து வரும் பிள்ளைகள் நடுரோட்டுக்கு வருகிறார்கள். அத்தனை வண்டிகளும் பிள்ளையைப் 'பத்திரமாக' கூட்டிப்போக வந்தவை. ஏழு வருஷம் என் வண்டியும் அதில் நின்றது.

இன்னொரு கூத்து. பத்தாவது வரை பின்சீட்டில் வைத்திருந்துவிட்டு, பதினொன்றாவதில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிற அதே வகுப்பு! 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டரெல்லாம் அதற்கு மேல். 2019 சட்டத்திருத்தத்தின்படி அப்படி ஓட்டும் பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. நடந்தும் சைக்கிளிலும் ரோட்டைப் பழகாத பிள்ளைக்கு நேராக ஆக்ஸிலரேட்டர்.

மகள் இப்போது ஒன்பதாவது. "பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்புறதா" என்று என்னோடு சண்டை போட்ட என் அம்மா, நேற்று காலை அவளைக் கூப்பிட்டு, "வரும்போது சத்திரத்துல எறங்கி வெத்தலை வாங்கிட்டு வா" என்கிறார்.