மாண்டோ புல் நுனி கருகினால் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: சென்னை பெசன்ட் நகரில் தனி வீடு. கேட்டிலிருந்து வாசற்படி வரை நடைபாதையின் இருபுறமும் பிப்ரவரியில் மாண்டோ புல் நட்டோம். மே மாதத்தில் பாதிச் செடிகள் நுனி காய்ந்து பழுப்பாகிவிட்டன. தோட்டம் போட்டுக்கொடுத்தவர், "நோய் வந்துடுச்சு, மொத்தமா எடுத்துட்டுப் புதுசா வைக்கணும்" என்கிறார். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு செடியைக் கூர்ந்து பாருங்கள். நடுக்குருத்து பச்சையாக, இழுத்தால் வராமல் உறுதியாக இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். அழுகல் நோய் என்றால் அடிப்பகுதி கொழகொழத்து, இலைக்கொத்து கையோடு வந்துவிடும். அப்படிப்பட்டதை மட்டும் எடுங்கள். மற்றவற்றில் நீங்கள் பார்ப்பது வெயிலும் உப்புத் தண்ணீரும் செய்த வேலை.

பெயரில் புல் என்றாலும் மாண்டோ, புல் இனமே அல்ல; தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். ஜப்பான், சீனப் பகுதிகளில் மரநிழலில் வளர்வது. சென்னையில் காலை வெயிலைத் தாங்கும். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் கருகும். ஜூன் முடியும்வரை மேற்கு வெயில் படும் பக்கம் பச்சை நிழல்வலை கட்டுங்கள். காய்ந்த நுனியைக் கத்தரியால் வெட்டினால் போதும். புல்வெட்டும் மெஷினை அதன்மேல் ஓட்ட விடாதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். அதைவிட, மேல்மண் காய்ந்த பிறகு வேர்வரை இறங்கும்படி ஊற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் தரும் தண்ணீர்) கொடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி ஊரே அறிவுரை கொடுக்கிறது. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! ஊற்றாதீர்கள். ஒரே ஒரு விலக்கு: உங்கள் மெஷினுக்குள் போவது போர் தண்ணீரோ லாரி தண்ணீரோ இல்லாமல் மெட்ரோ தண்ணீர் மட்டும் என்றால், கழிவில் உப்பு அவ்வளவு ஏறியிருக்காது. அப்போதும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 500க்குக் கீழே இருந்தால் ஊற்றலாம், தாண்டினால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலக்க வேண்டும், ஆயிரத்தைத் தாண்டினால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நின்று லாரி வரும் நாட்களில் மறுபடி அளந்து பாருங்கள்.

இனி உங்கள் தோட்டக்காரர். "மொத்தமாக எடுத்துவிடலாம்" என்பவருக்குச் செடிக்கு இவ்வளவு என்று மறுபடி ஒரு பில் கிடைக்கும், அதுதான் கணக்கு. நர்சரியில் முந்தின வாரம் பிரித்த கன்றைக் கவரில் திணித்து, வேர் பிடித்த செடி என்று விற்பதும் நடக்கிறது. வாங்கும்போது கவரைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிய வேண்டும். செடியைத் தூக்கினால் மண்ணும் சேர்ந்து வர வேண்டும். மாண்டோ போலவே தோன்றும் வேறு செடியான அகல இலை லிரியோப்பையும் மாண்டோ என்றே கொடுத்துவிடுகிறார்கள். பெயரட்டை கிடையாது, ரசீது கேட்டால் முறைப்பார்கள். ஆயிரக்கணக்கில் பணம் புரளும் தொழிலில் செடியின் பெயரை எழுதி ஒட்டக்கூட யாருக்கும் மனமில்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

செத்த இடங்களை நிரப்பக் காசு செலவழிக்கவே வேண்டாம். வெயில் தணிந்து, ஆடி மாதம் இரண்டு மழை பெய்ததும் இருப்பதில் நன்கு கொழுத்த கொத்துகளைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் வேர் இருக்கும்படி பிரித்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். இலை பிரியும் இடம் மண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஆழப் புதைத்தால் அக்டோபர் மழையில் அங்கேதான் அழுகல் பிடிக்கும். மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். நடைபாதை ஓரம் தண்ணீர் தேங்கும் என்றால், நடுவதற்கு முன்பே செம்மண்ணில் ஆற்றுமணல் கலந்து பாத்தியை நான்கு விரல் உயர்த்திவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அந்த வேலையைச் செய்ய முடியாது.