கோச்சிங் பணம் கட்டும் முன் அந்த விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பதி மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். அப்பாவுக்குத் தையல் கடை. அம்மா தினமும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், உயிரியல்-கணிதப் பிரிவு. காலாண்டில் இயற்பியல் 70-க்கு 31. அதைக் கேள்விப்பட்ட காட்பாடி சித்தப்பா உடனே ஒரு தனியார் பள்ளியின் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்: பள்ளிப் படிப்பும் நீட் கோச்சிங்கும் ஒரே இடத்தில், வருடத்துக்கு ஒன்றரை லட்சம், ஹாஸ்டல் தனி. "இப்பவே மாத்திடுங்க, இல்லன்னா பொண்ணு வாழ்க்கை போச்சு" என்று குரல் பதிவு வேறு.

அம்மா, அன்றைக்கு அரை மணி நேரத்தில் பேசி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பி வைக்க எனக்கு விருப்பமில்லை. கவலைப்படுங்கள், ஆனால் 31 மார்க்கை நினைத்து அல்ல. அது ஃபெயில்கூட இல்லை. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, செய்முறை, அகமதிப்பீடு எல்லாம் சேர்த்து 100-க்கு 35 வந்தாலே பாஸ். கவலைப்பட வேண்டியது சித்தப்பாவின் அவசரத்தை நினைத்து.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரி போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவதும் அரசுப் பள்ளியில் படித்ததற்காகத்தான். நடுவில் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இதெல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும். அதாவது, டாக்டர் சீட்டுக்காக மூன்று லட்சம் செலவழித்து, டாக்டர் சீட்டுக்கு அவளிடம் இருக்கிற நல்ல வழியை அடைக்கப் போகிறீர்கள். சித்தப்பா அனுப்பிய நோட்டீஸில் இதை யாரும் போடமாட்டார்கள். வளையலை அடகு வைக்கலாமா என்று நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சரி, அப்படியென்றால் இயற்பியலுக்கு என்ன செய்வது?

உங்கள் மகளின் பையில், நான்காய் மடித்து, அந்த விடைத்தாள் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். மொத்தத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதோடு சரி, உள்ளே ஒரு பக்கத்தைக்கூட யாரும் புரட்டவில்லை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையில் பக்கம் பக்கமாகக் காட்டிக் கொடுத்திருப்பதை மூடி வைத்துவிட்டு, வெளியே டியூஷன் தேடுகிறோம்.

அன்றைக்கு நானும் அவளும் அந்தத் தாளைப் பிரித்தோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15-இல் 9 சரி. இரண்டு மதிப்பெண் பகுதியில் 12-க்கு 7. மூன்று மதிப்பெண்ணில் 18-க்கு 9. ஐந்து மதிப்பெண்ணில் 25-க்கு வெறும் 6. போனது 39. இந்த 39 எப்படிப் போனது என்று அவளையே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

உங்கள் வேலையை நீங்கள் விவரித்தீர்களே, அது எனக்கு இங்கே உதவியது. ரிஜெக்ட் ஆன ஷூவை எல்லாம் ஒரே குவியலாகக் கொட்டினால் லைனில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தையல் விட்டது தனி, பசை வழிந்தது தனி, ஜோடி மாறியது தனி என்று பிரித்தால்தான் எந்த இடத்தில் சரி செய்ய வேண்டும் என்று தெரியும் என்றீர்கள். விடைத்தாளுக்கும் அதே வேலைதான்.

நேரம் போதாமல் தொடவே தொடாத ஐந்து மதிப்பெண் வினா இரண்டு: 10 போச்சு. தெரிந்தும் நழுவவிட்டது 8. சாய்தளத்தில் இருக்கும் பொருளுக்கு விசைப்படம் ஒழுங்காக வரைந்திருக்கிறாள், சமன்பாடு சரி, விடையும் சரி, ஆனால் நியூட்டன் என்று அலகு எழுதவில்லை. எறிபொருளின் பாதை பரவளையம் என்று நிறுவ வேண்டிய கேள்வியில் சமன்பாடு வரை வந்துவிட்டாள். 'எனவே பாதை பரவளையம்' என்ற கடைசி வரியைக் காணோம். கேள்வியைத் தவறாகப் படித்து விட்டது 3. படித்தது, ஆனால் அங்கே நினைவுக்கு வரவில்லை என்பது 6. உண்மையிலேயே புரியவில்லை என்று அவள் சொன்னது 12.

39-இல் 12. "இவளுக்கு பிசிக்ஸ் வராது" என்று வீட்டில் தீர்ப்பு எழுதியது இந்தப் பன்னிரண்டை வைத்துத்தான், அதையும் தாளைப் பார்க்காமலே. மற்ற 27-க்கு எந்த கோச்சிங் சென்டரும் தேவையில்லை.

இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லோவெட் என்பவர் இதை ஒரு பக்கப் படிவமாகவே பரப்பினார். திருத்திய தாளைக் கொடுக்கும்போதே அந்தப் படிவமும் வரும். எப்படித் தயாரானாய், மதிப்பெண் எந்தெந்த வகையில் போனது, அடுத்த முறை எதை மாற்றப் போகிறாய் என்று மாணவரே எழுத வேண்டும். அதை வாங்கி வைத்திருந்து அடுத்த தேர்வுக்கு முன் திருப்பிக் கொடுப்பார்கள். இந்தத் திருப்பிக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. எழுதி மூடிய நோட்டால் யாருக்கும் மார்க் ஏறியதில்லை.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். 80 பக்க நோட்டு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் அரை மணி நேரம். எழுதுவது அவள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாடம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, தெரியாமல் இருப்பது நல்லதுகூட, ஏனென்றால் அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். "எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்தக் கேள்வியை விட்டது உனக்கே வருத்தமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அப்பா முதல் இரண்டு மூன்று வாரம் இதில் உட்கார வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் கண் நேராக மொத்தத்துக்குப் போகிறது, அப்புறம் பேச்சு சித்தப்பா மகனுக்குப் போகிறது.

'கவனக்குறைவு' என்று மட்டும் எழுத விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல ஒளிவிடம். அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் மேலே யோசிக்க வேண்டாம் பாருங்கள். 9.8-ஐ 8.9 என்று மாற்றி எழுதினேன், மைனஸ் குறியை அடுத்த வரிக்கு எடுத்துப் போகவில்லை, இப்படி நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும்.

இலக்கும் அப்படியே. "அரையாண்டில் 60 எடுப்பேன்" என்று எழுதியிருந்தாள், அடித்துவிடச் சொன்னேன். 60 போடுவது ஆசிரியர் கை. அவள் கையில் இருப்பதை எழுதட்டும்: ஒவ்வொரு கணக்கிலும் அலகைச் சுழித்துக் காட்டுவேன்; ஐந்து மதிப்பெண் வினா ஐந்தையும் தொடுவேன். இந்த இரண்டாவதுக்கு ஒரு நேரக் கணக்கும் போட்டோம். மூன்று மணி நேரம், 180 நிமிடம். ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் ஆறுக்கும் 30, மூன்று மதிப்பெண் ஆறுக்கும் 48, ஐந்து மதிப்பெண் ஐந்துக்கும் 70. கூட்டினால் 163, மீதி 17 நிமிடம் திருப்பிப் பார்க்க. காலாண்டில் மூன்று மதிப்பெண் பகுதியிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டதாம். வீட்டில் கடிகாரத்தை முன்னால் வைத்து, பழைய கேள்வித்தாளை ஒருமுறை முழுதாக எழுதிப் பார்க்கட்டும்.

நினைவுக்கு வராத அந்த 6 மதிப்பெண் விஷயம் வேறு. அவள் படிக்கும் முறை, ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்து மஞ்சள் பேனாவால் கோடு போடுவது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே ஒருமுறை படிப்பு, அப்புறம் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பது. வெற்றுத்தாள் முன்னால் முதலில் பேஜாராகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

புரியாத 12-க்கு அவளுடைய இயற்பியல் ஆசிரியைதான் ஆள். "இந்தப் பாடமே புரியல மிஸ்" என்று போய் நின்றால் அவரும்தான் என்ன செய்வார்? தன் தாளோடு போய், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று வாரத்துக்கு இரண்டு கேள்வி கேட்கட்டும்.

இன்னொன்று. நீங்கள் வெளியே தண்ணீர் குடிக்கப் போனபோது, எது பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். "லேப்ல இருக்கிறது பிடிக்கும் சார்" என்றாள். அப்பா சிரித்தார், "டாக்டரானா லேப் தானா வரும்" என்று. வராது ஐயா. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது, அங்கே வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் டாக்டர் என்றே நினைத்துவிடுகிறோம். ரத்த மாதிரியை வாங்கி, சோதித்து, முடிவு எழுதி அனுப்புகிறவர்களுக்கு மருத்துவ ஆய்வக நுட்பம் என்று தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது, சி.எம்.சி.யிலேயே இருக்கிறது. அவள் அதற்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீட் எழுத அவளுக்கே ஆசை வந்தால் எழுதட்டும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆசை அவளிடமிருந்து வர வேண்டும். அதுவரை வீட்டில் யாரும், பொங்கலுக்கு வருகிற உறவுக்காரர்கள் உட்பட, "என்ன ஆகப் போறே?" என்று அவளைக் கேட்கக் கூடாது. அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள். எந்தப் பாடத்தில் நேரம் போனதே தெரியவில்லை என்று வாரத்துக்கு ஒரு வரி எழுதட்டும். நீங்கள் அதைப் படிக்க வேண்டாம்.

அரையாண்டுத் தாள் ஜனவரியில் கைக்கு வரும். அதையும் இதேபோலப் பிரித்து, காலாண்டுக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நேரம் போதாமல் போனதும் நழுவியதும் குறைந்து, புரியாத 12 மட்டும் அப்படியே நின்றால் டியூஷன் பற்றிப் பேசலாம். குடியாத்தத்திலேயே, சாயங்காலம், இயற்பியலுக்கு மட்டும்.