அதே சொற்கள்தான், ஆனால்…

அன்புள்ள அண்ணன்,

நான் பாளையங்கோட்டைக்காரன். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். மூன்று வருடமாக அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறோம். எங்கள் தெருவில் நாலைந்து மார்மன் குடும்பங்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபையைச் சேர்ந்தவர்கள். மனைவிக்குப் பிரசவம் ஆனபோது ஒரு வாரம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர்கள் அவர்கள்தான். இப்போது வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பையன்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, இரட்சிப்பு என்று நம் சொற்களைத்தான் பேசுகிறார்கள். ஊரில் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போனில் கேட்டால், "கள்ள உபதேசம், கதவையே திறக்காதே" என்கிறார். மனைவியோ, "இவ்வளவு நல்ல பிள்ளைகள், அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?" என்கிறாள். இவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா? போன வாரம் அவள் ஆசையாகப் போட்டுக்கொடுத்த காபியைத் தொடவேயில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கதவைத் திறங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களின் முகத்தில் கதவைச் சாத்தச் சொல்லி நம் வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனைவி சொல்வதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம். சொற்கள் ஒன்றாக இருப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். லுத்தரன், ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் என்று எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக மாறினாலும், பொதுவாக அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மார்மன்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்தான் முழுக்குகிறார்கள். ஆனாலும் 2001இல் வத்திக்கான் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த மூன்று நாமங்களுக்கு மார்மன்கள் கொள்ளும் பொருளே வேறு என்பதுதான் காரணம். மார்மன் சபையும் நம் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. நீங்கள் நாளைக்கே அங்கே சேர்ந்தாலும் முதலிலிருந்து முழுக்குத்தான். ஆக, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த வித்தியாசம் இது.

பொருள் எங்கே மாறுகிறது? தேவன் யார் என்பதிலேயே மாறுகிறது. நாம் ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப்பிரமாணத்தின் வேர் 325இல் நைசேயாவில் கூடிய சங்கம். தேவன் ஒருவரே, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்பது அதன் உயிர். பிதாவுக்குத் தொடக்கமும் இல்லை, சரீரமும் இல்லை. "தேவன் ஆவியாயிருக்கிறார்" என்று யோவானில் படிக்கிறோம். அவர் படைத்தவர், நாம் படைப்பு. அந்த இடைவெளியை நம்மால் தாண்ட முடியாது என்பதால்தான் அவரே இறங்கி வந்தார்.

மார்மன் உபதேசத்தில் பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு. குமாரனுக்குத் தனிச் சரீரம். பரிசுத்த ஆவியானவர் சரீரமில்லாத தனி ஆள். மூவரும் நோக்கத்தில் ஒன்று, ஆனால் மூன்று தனித்தனி ஆட்கள். 1844 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் செய்த ஒரு பிரசங்கத்தில், மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் இன்னும் ஒரு படி போனார். தேவனும் ஒருகாலத்தில் நம்மைப்போல் மனிதராக இருந்தவர், நாமும் தேவர்களாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று மாதத்துக்குள், கார்தேஜ் சிறையில் இருந்த அவரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. தேவனின் முன்கதையை இன்றைய சபை அதிகம் பேசுவதில்லை. ஆனால் மனிதன் தேவனைப்போல் ஆகலாம் என்பது அவர்களின் நடு நம்பிக்கையாக இன்றும் இருக்கிறது. கிரேக்க, ரஷ்ய மரபிலுள்ள கீழைத் திருச்சபைகளும் தேவதன்மையில் பங்கடைவதைப் பற்றிப் பேசும். அங்கே அது கிருபையால் கிடைக்கும் பங்கு, படைப்பு கடைசிவரை படைப்புதான். மார்மன்களுக்குத் தேவனும் நாமும் ஒரே இனம். அவர் வளர்ந்தவர், நாம் வளர வேண்டியவர்கள். மற்ற வித்தியாசமெல்லாம் இங்கிருந்து கிளைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பையன்கள் கையில் கொடுக்கும் மார்மன் புத்தகத்தை மட்டும் படித்தால் இது பிடிபடாது. 1830இல் வந்த அந்தப் புத்தகம் பல இடங்களில் நம் பிரசங்கம்போலவே ஒலிக்கும். நான் மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு ஸ்மித் தந்த வெளிப்பாடுகளிலும் பிரசங்கங்களிலும் இருப்பவை.

நண்பர் ஒருவர் அழைத்து ஒருமுறை அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்குப் போயிருக்கிறேன். சிலுவை இல்லை, அங்கி இல்லை. வெள்ளைத் துணி மூடிய மேஜைக்குப் பின்னால் பதினாறு வயதுப் பையன்கள் இருவர், கடையில் வாங்கிய ரொட்டித் துண்டுகளைப் பிட்டுத் தட்டில் வைத்தார்கள். திராட்சரசத்துக்குப் பதில் சின்னக் கிண்ணங்களில் தண்ணீர். ரொட்டிக்கான ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். ஒரு பையன் எங்கோ ஒரு சொல்லை விட்டுவிட்டான். அந்த உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப் மெதுவாகத் தலையசைத்தார். பையன் காது சிவக்க முதலிலிருந்து ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது, மற்ற நாட்களில் வேறு வேலை பார்ப்பவர். அந்த அமைதியில் எனக்குக் கண் கலங்கியது. உபதேசத்தில் உடன்படாத இடத்திலும் பக்தி பக்திதான்.

குடும்ப விஷயத்தில் அவர்கள் சொல்வது மனதை இழுக்கும். நாம் "மரணம் பிரிக்கும்வரை" என்று வாக்குக் கொடுக்கிறோம். அவர்கள், ஞாயிறு ஆராதனைக் கூடத்தில் அல்ல, இத்தகைய சடங்குகளுக்கென்றே உள்ள கோயிலில், கணவன் மனைவியை நித்தியத்துக்கும் இணைத்து முத்திரையிடுகிறார்கள். "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று இயேசு சொன்னதை வைத்து நம்மவர்கள் இதை மறுப்பார்கள். அதே கோயிலில், பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில், இறந்தவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அவர்கள் வம்சாவளியைத் தேடித்தேடிச் சேர்ப்பது இதற்காகத்தான். இதை என்னால் ஏற்க முடியாது. யூத இன அழிப்பில் செத்தவர்களின் பெயரிலும் செய்தார்கள் என்று யூதர்கள் மனம் நொந்து முறையிட, அந்தப் பெயர்களில் செய்வதை நிறுத்துவதாக 1995இல் மார்மன் சபை ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தச் சடங்குக்குப் பின்னால் இருக்கும் கேள்வி நம்முடையதும்தான், தம்பி. நம் வீடுகளில் ஐந்தாறு தலைமுறைக்கு மேலே போனால், இயேசு என்ற பெயரையே கேட்காத பாட்டன் பூட்டன்மார். அவர்கள் கதி என்ன? சின்ன வயதில் இதைக் கேட்டு என் அம்மாவை அழவைத்திருக்கிறேன். மார்மன்களிடம் அதற்கு ஒரு தொட்டியும் ஒரு பெயர்ப்பட்டியலும் இருக்கின்றன. என்னிடம் தேவனுடைய இரக்கத்தைத் தவிர வேறு பதில் இல்லை. எனக்கு அது போதும்.

சரி, அவர்கள் கிறிஸ்தவர்களா? கிறிஸ்து தங்கள் பாவத்துக்காக மரித்து உயிர்த்தார் என்று உயிராய் நம்புகிறவர்களைப் பார்த்து, "உனக்குக் கிறிஸ்து சொந்தமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2018இலிருந்து மார்மன் என்ற பெயரையே தவிர்த்து, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரில் அழைக்கச் சொல்கிறார்கள். அப்படியே அழையுங்கள். ஆனால் விசுவாசப்பிரமாணம் அறிக்கையிடும் விசுவாசம் அவர்களுடையது இல்லை. இதில் நான் அவர்கள்மேல் எதையும் சுமத்தவில்லை. 1820இல், சிறுவனாக ஒரு தோப்பில் தனியாக ஜெபித்தபோது, எல்லாச் சபைகளின் பிரமாணங்களும் அருவருப்பானவை என்று தனக்குச் சொல்லப்பட்டதாக ஸ்மித்தே எழுதியிருக்கிறார். அவர்கள் பாதை பிரிவது அங்கேதான்.

அடுத்தமுறை வரும்போது அந்தப் பையன்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பிதா எப்போதுமே தேவனாக இருந்தாரா?" வாதத்துக்கு இழுக்காமல் கேளுங்கள், பதிலைக் கடைசிவரை கேளுங்கள். அப்புறம் நீங்கள் நம்புவதையும் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வந்து இரண்டு வருடம் தெருத்தெருவாக நடக்கிற பிள்ளைகள், மரியாதையாகக் கேட்பார்கள்.

காபிக்காக உங்கள் மனைவி வருத்தப்பட வேண்டாம். மதுவும் புகையிலையும் சூடான பானங்களும் கூடாது என்று 1833இல் ஸ்மித் சொன்னதுதான். சூடான பானம் என்றால் காபியும் டீயும் என்று கொள்கிறார்கள். அரிசோனா வெயிலில் நடந்து வருகிறவர்கள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு மோர் கொடுக்கச் சொல்லுங்கள், குடிப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்