சின்னக் கோளாறுக்கு நாலு மணி நேரமா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மொரீஷியஸிலிருந்து மும்பை, சென்னை வழியாக மயிலாடுதுறைக்குக் கிளம்பினேன். கதவு சாத்தி, இன்ஜின் சத்தமும் கேட்ட பிறகு, "ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு" என்றார் பைலட். கிளம்ப நாலு மணி நேரம் ஆயிற்று. மும்பையில் சென்னை விமானத்தைத் தவறவிட்டேன், முகூர்த்தமும் போயிற்று. சின்னது என்றால் கிளம்பியிருக்கலாமே? பெரியது என்றால் ஏன் சின்னது என்று சொல்ல வேண்டும்? நீங்கள் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி, காத்ர் போர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

பைலட் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் விமானத்தில் சின்னது, பெரியது என்பது போகிற வழியையும் பொறுத்தது.

எம்.இ.எல். என்று ஒரு புத்தகம் உண்டு. எது வேலை செய்யாவிட்டாலும் கிளம்பலாம், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாளைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 10 நாள். அதன்படி டெக் லாக் என்ற கோளாறுப் பதிவேட்டில் எழுதி, சுவிட்சுக்குப் பக்கத்தில் 'இனாப்' (வேலை செய்யவில்லை) ஸ்டிக்கர் ஒட்டி நாங்கள் கையெழுத்துப் போடுவோம். கிளம்பலாம் என்றுதான் புத்தகம் சொல்லும், கிளம்பியாக வேண்டும் என்று சொல்லாது. முடிவு கேப்டனுடையது.

ஒரு ஜனவரி ராத்திரி, இதே மும்பைப் பாதை. மேகத்தைக் காட்டும் ரேடார் இரண்டில் ஒன்று போய்விட்டது. ஒன்று இருந்தால் போதும் என்றது புத்தகம். நான் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தாயிற்று. கேப்டன் வானிலை வரைபடத்தை மடியில் விரித்து, நிலநடுக்கோட்டை ஒட்டி நெடுக நின்ற மேகக்கூட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். "இங்கே போனதும் இன்னொன்றும் போனால்?" அவ்வளவுதான் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஸ்டோரில் உதிரி இல்லை. ஹேங்கரில் நின்ற வேறொரு விமானத்திலிருந்து ரேடார் பெட்டியைக் கழற்றி வந்து மாட்டினோம். மாட்ட அரை மணி நேரம்தான். கொண்டுவர, டெஸ்ட் போட, இரண்டு விமானத்துக்கும் தாள் எழுத என்று மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. பைலட்களின் பணி நேரத்துக்கும் வரம்பு உண்டு. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் வேறு ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்க வேண்டும்.

பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போகிற குட்டிப் பயணம் என்றால் அவரே சரி என்று கிளம்பியிருப்பார். மும்பைக்கோ ஏறக்குறைய 6 மணி நேரமும் கடல்தான். அவசரத்துக்கு இறங்க செஷல்ஸ், மாலத்தீவு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் ரோட்ரிக்ஸ் தீவில் இப்போதுள்ள ஓடுபாதை பெரிய விமானத்துக்குப் போதாது.

அப்புறம், முன்னாடியே பார்க்கக் கூடாதா என்பீர்கள். சில கோளாறுகள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தலைகாட்டும்.

ஒன்றில் மட்டும் நான் உங்கள் பக்கம். 'டெக்னிக்கல்' என்ற ஒரே வார்த்தையோடு மைக்கை வைத்துவிடுவது எனக்கும் பிடிக்காது. அன்றைக்கு அந்தக் கேப்டன், எது போயிற்று, வழியில் என்ன இருக்கிறது, எத்தனை நேரமாகும் என்று சொன்னார். கிரியோல் மொழியிலும் ஒரு தடவை சொன்னார். பின்வரிசையில் ஒரு பாட்டி மட்டும், நான் படியிறங்கும் வரை எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்.