அந்த ஊசியைப் போடுவது யார்?

கேள்வி: நான் 39 வயது அரசுப் பள்ளி ஆசிரியை. பத்து மாதங்களுக்கு முன் 84 கிலோ இருந்தேன். சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகச் சொல்லி, கோவையில் மருத்துவர் ஒருவர் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் மவுஞ்சாரோ ஊசியை எழுதிக் கொடுத்தார். இப்போது 73 கிலோ. என் கணவருக்கும் மாமியாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் 'வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஊசி ஒரு கேடா' என்பார்கள். நடைப்பயிற்சியால் இளைத்ததாகவே நினைக்கிறார்கள். பணத்துக்கு ஏலச்சீட்டு கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊசியைக் கண்டாலே எனக்கு நடுங்கும் என்பதால், ஞாயிறு காலையில் அவர் கறிக்கடைக்குப் போகும் நேரத்தில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் போட்டுவிடுவாள். சமர்த்துப் பெண், என்னைப் பார்த்து அவளும் இரவில் ஒரு தம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்கிறாள். ஆவணியில் நாத்தனார் திருமணம் முடிந்ததும் ஊசியை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் எடை மறுபடி ஏறுமா? மருந்தால் இளைப்பது குறுக்குவழிதானே என்ற உறுத்தலும் இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆவணியில் நிறுத்தலாமா, நிறுத்தினால் ஏறுமா, மருந்தால் இளைப்பது தவறா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் உங்கள் மகள் இல்லை. கடிதத்தின் நடுவில், 'சமர்த்துப் பெண்' என்ற பாராட்டோடு வந்து, அடுத்த வரியிலேயே நாத்தனார் திருமணத்துக்கு வழிவிட்டுப் போய்விடுகிறாள். நான் அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2025 மார்ச்சில் இந்த மருந்து நம் நாட்டுக் கடைகளுக்கு வந்ததிலிருந்து, 'குறுக்குவழியா அம்மா?' என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வந்தபடிதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் என் விடை ஒன்றுதான். மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்து எழுதிக் கொடுத்த மருந்தைப் போட்டுக்கொள்வதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. உணவு உள்ளே போனதும் குடல் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல நடித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவதுதான் டிர்செபடைட் என்ற இந்த மருந்தின் வேலை. உங்கள் மாமியார் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குபவராக இருந்தால், 'உப்பைக் குறைக்கத் தெரியாதவருக்கு மாத்திரை ஒரு கேடா' என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் ஒளிந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒளிவதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த மறைவிடம் பதின்மூன்று வயதுக் குழந்தையின் முதுகு.

ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொஞ்சம் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டுகிறது. பாட்டி பூஜை அறையிலோ தொலைக்காட்சி முன்னாலோ இருக்கிறாள். குளிர்பதனப் பெட்டியில் எதன் பின்னாலோ மறைத்து வைத்த குப்பியை எடுத்து, சிரிஞ்சில் அரை மில்லிலிட்டரை இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, அம்மாவின் வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்துகிறாள். பிறகு அந்த ஊசியை எங்கே போடுகிறீர்கள், அதை எழுதவில்லையே? குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். வீட்டுக் குப்பையில் கிடந்தால் கணவர் கண்ணில் படும். ஆகவே அதை எடுத்துக்கொண்டு போய் எங்கோ எறியும் வேலையும் அவளுடையதாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அரை மணி நேரத்தில் அப்பா கறியோடு திரும்புகிறார். சாப்பிடும்போது, 'நடந்தாலே போதும், உங்க அம்மாவைப் பார்' என்கிறார். அவள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைகிறாள். பத்து மாதம் என்றால் நாற்பதுக்கும் மேற்பட்ட ஞாயிறுகள், அம்மா. நாற்பது முறை அந்தக் குழந்தை தன் தகப்பனார் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கிறாள்.

சிறு பெண் ஊசி போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன். என் தகப்பனாருக்குச் சர்க்கரை. எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. தண்ணீர்ப் பானைக்குள் ஒரு சின்னக் கிண்ணம் மிதக்கும், அதில் இன்சுலின் புட்டி இருக்கும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுத்து, அம்மா அளவைச் சரிபார்க்க, பன்னிரண்டு வயதில் நான் அவருக்குப் போட்டிருக்கிறேன். தாத்தா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமி என்று அத்தனை பேருக்கும் அது தெரியும். 'கை நடுங்காமல் போடுகிறாளே' என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதே வேலையைத்தான் உங்கள் மகளும் செய்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறாள். அவளுக்கு அதில் பெருமை எப்படி வரும்?

இதைவிட மோசமான ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இந்த மருந்து அபூர்வமாகக் கணையத்தை வீங்க வைக்கும். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரக்கூடும். நடு வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் வலியோடு, ஒரு நள்ளிரவில் உங்களை அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'என்ன மருந்து சாப்பிடுகிறார்?' என்று கேட்கிறார்கள். 'ஒன்றுமில்லை' என்கிறார் உங்கள் கணவர், மனமறிந்து பொய் சொல்லாமலேயே. அறுவைசிகிச்சை என்றாகி மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், வயிற்றில் உணவு தங்கியிருக்கக்கூடும் என்பது மயக்க மருந்து மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அந்தக் கட்டடம் முழுவதிலும் உண்மை தெரிந்த ஒரே ஆள், வராந்தாவில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எட்டாம் வகுப்பு மாணவி. சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. நாற்பது பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற உங்களுக்கு, ஒரு பிள்ளையின் தலையில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று தெரியாதா?

அடுத்தது அந்த ஒரு தம்ளர் பால். நீங்கள் அதைச் சமர்த்து என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே பயமூட்டும் சொல். உங்களுக்குப் பசி இல்லை, ஏனெனில் மருந்து அடக்கி வைத்திருக்கிறது. அவளுக்குப் பசிக்கிறது. பசியோடுதான் படுக்கப் போகிறாள். உடல் வளர்கிற, மாதவிடாய் தொடங்கும் அல்லது தொடங்கியிருக்கும் வயது அது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அந்தக் கணக்கில் உங்கள் மகளும் சேர வேண்டுமா? அவள் பத்து மாதமாக வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பாடம் இதுதான்: பருமனாக இருப்பது புருஷனிடம்கூடச் சொல்ல முடியாத வெட்கம், இளைப்பதற்காகப் பொய் சொல்லலாம், இளைத்தால் எல்லோரும் பாராட்டுவார்கள். குளிர்பதனப் பெட்டியில் குப்பி இருக்கும் இடமும், போடும் முறையும் தெரிந்த பெண் அவள். உங்களுக்கு எழுதிக் கொடுத்தது வயது வந்தவருக்கான மருந்து. என்றைக்காவது ஒரு நாள், பள்ளியில் யாரோ 'குண்டு' என்று கூப்பிட்ட மறுநாள், அவள் என்ன செய்வாள் என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தைக்கு வந்தபோது இதன் 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி என்றால் 17,500. இல்லாத ஏலச்சீட்டின் பெயரில் பத்து மாதமாக இப்படிப் போயிருக்கிறது. அது உங்கள் சம்பளம்தான். உங்கள் உடம்புக்குச் செலவழிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நாத்தனார் கல்யாணச் செலவில் அந்தச் சீட்டுப் பணத்தை உங்கள் கணவர் மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஒருவர் உடம்பிலும் மற்றவர் கணக்கிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வாழ வேண்டும் என்று நம்புகிறவள் நான். இதைப் பழைய காலத்து நம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். அவரையும் நான் விடப்போவதில்லை. மனைவி பதினொரு கிலோ குறைந்து, பாதி இட்லியோடு எழுந்துபோவதைப் பார்த்தும், 'உடம்புக்கு ஏதாவதா?' என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், நடைப்பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நிறுத்தினால் எடை பெரும்பாலும் ஏறும். 2023-இல் வெளியான ஆய்வொன்றில், 36 வாரம் இதே மருந்தைப் போட்டுக்கொண்டு சராசரியாக 20.9 சதவீதம் எடை குறைந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்தவர்களுக்கு அடுத்த 52 வாரத்தில் மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. கல்யாணப் புகைப்படத்துக்காகப் போட்டு, மறுவாரம் கழற்றி வைக்கிற நகையல்ல இது. தொடர்வதா, அளவைக் குறைப்பதா, எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பழைய மருந்துச்சீட்டைக் காட்டியே கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது போதாது. நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக் கறியில் உங்கள் பங்கை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். மற்ற நாட்களில் முட்டை, பருப்பு, சுண்டல்.

வரும் ஞாயிறு அவர் வண்டிச் சாவியை எடுக்கும்போது, 'கொஞ்சம் உட்காருங்கள்' என்று சொல்லிக் குப்பியை மேசைமேல் வையுங்கள். மாமியாரும் இருக்கட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, பத்து மாதக் கணக்கு, ஏலச்சீட்டு என்ற பொய், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்டதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், மறைத்ததற்காகக் கேளுங்கள். மகளிடம் தனியாக, 'உன்னை இதில் இழுத்தது என் தப்பு, இனி நீ எதையும் மறைக்க வேண்டாம்' என்று அதே சொற்களில் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும். குத்திக்கொள்ளப் பயம் என்றால், செவிலியர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். இப்போது இதே மருந்து பேனா வடிவிலும் கிடைக்கிறது, வயிற்றிலோ தொடையிலோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். முடியவே முடியாது என்றால் உங்கள் கணவர் போடட்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தடிமனான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ஊசிக் கழிவு வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்று இரவு அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு தோசைதான் இறங்கும் என்றால் அதை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் நான்காவது தோசைக்குத் தட்டை நீட்டும் வரை எழுந்திருக்காமல் இருங்கள். ஒரு மாதம் கழித்தும் பாலோடு எழுந்துபோனால், அவளைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கணவரும் உடன் வரட்டும். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் எடையைக் குறிப்பிட வேண்டாம்; முந்தின நாள் இரவு அவள் என்ன சாப்பிட்டாள் என்று எழுதுங்கள்.