ஒன்றரை மாச சம்பளத்துக்கு ஒரு கேமிங் டேப்லெட், வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயசு 27, வேலைக்கு சேந்து மூணு வருஷம் ஆச்சு. தினமும் ரெண்டு மணி நேரம் பப்ஜி மொபைல் ஆடுவேன், வீக்கெண்ட்ல ஜென்ஷின் இம்பாக்ட். இப்ப இருக்குற போன் அரை மணி நேரத்துலயே கை சுடுது, கேம் திக்குது. புதுசா வந்திருக்குற கேமிங் டேப்லெட் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், 9 இன்ச் ஓலெட் டிஸ்ப்ளே, 165 ஹெர்ட்ஸ், ஸ்னாப்டிராகன் 8 எலீட் சிப், உள்ளயே ஃபேன் வேற. என் மாச சம்பளத்த 100னு வெச்சுக்கிட்டா அதோட விலை 140. சேவிங்ஸ் 90 இருக்கு. கிரெடிட் கார்டுல 60 பாக்கி, மாசம் 3 சதவீத வட்டி, மினிமம் கணக்குல மாசம் 3 கட்டிட்டு வர்றேன். போன் இஎம்ஐ 6, அது இன்னும் மூணு மாசத்துல முடிஞ்சிடும். வீட்டு செலவெல்லாம் சேத்து 72. கேம்ல ஸ்கின் (கேரக்டருக்கு டிரஸ் மாதிரி), பாஸ்னு மாசம் 5 போகும். இப்ப 40 கட்டிட்டா மீதி 100ஐ 12 மாசம் ஜீரோ வட்டி இஎம்ஐல தர்றாங்க, புராசசிங் ஃபீஸ் 2. மொத்தமா கேஷா கொடுத்தா 130தான். படிக்கவும் யூஸ் ஆகும், ஸ்ட்ரீம் பண்ணி காசும் பாக்கலாம்னு ஒரு ஐடியா. வாங்கலாமா சார்?

பதில்: தம்பி, மொதல்ல ஒரு நன்றி, சம்பளத்த 100ஆ வெச்சு கணக்கு எழுதினதுக்கு. கேள்வி அனுப்புறவங்க பாதி பேர் டேப்லெட்ல என்ன சிப்னு எழுதுவாங்க, கடன் எவ்ளோன்னு எழுத மாட்டாங்க. நீங்க ரெண்டையும் எழுதிட்டீங்க.

இப்ப வாங்காதீங்க. ஏழு மாசம் கழிச்சு வாங்குங்க, அப்பவும் இதே மாடல்தான் வேணுமான்னு ஒரு தடவ யோசிச்சுட்டு. ஏன்னு சொல்றேன்.

அந்த ஜீரோ வட்டிய மொதல்ல பாத்துடுவோம். கேஷ் விலை 130. நீங்க 40 கட்டுறீங்க, அப்ப நீங்க நிஜமா கடனா வாங்குறது 90தான். அதுலயும் ஃபீஸ் 2 முன்னாடியே போயிடுது, ஆக உங்க கைக்கு வந்த கடன் 88. திருப்பிக் கட்டுறது 100. 12 அதிகம், சரி 13, 14 சதவீதம் இருக்கும்னு தோணும், ஆனா மாசா மாசம் அசலும் சேந்து குறைஞ்சுக்கிட்டே வருதில்ல, வருஷம் பூரா 88ம் உங்ககிட்ட இருக்கப் போறதில்ல, அதனால ஒழுங்கா குறையும் வட்டி கணக்கு போட்டா வருஷத்துக்கு 24 சதவீதம் பக்கம் வருது. போஸ்டர்ல ஜீரோ, கணக்குல 24. பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, வட்டிய விலைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க, அவ்ளோதான்.

அத விட மோசமானது அந்த கார்டு பாக்கி. 60க்கு மாசம் 3 சதவீதம்னா 1.8 வட்டி. நீங்க கட்டுற 3ல 1.2தான் அசலுக்கு போகுது. புதுசா ஒண்ணும் தேய்க்காம இப்படியே ஒரு வருஷம் ஓட்டினா மொத்தம் 36 கட்டியிருப்பீங்க, அதுல 19 வட்டிக்கே போயிருக்கும், பாக்கி இன்னும் 43 நிக்கும். சேவிங்ஸ் 90 இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதுல 60 உங்க காசே இல்ல தம்பி. அத பேங்க்ல வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் 3 சதவீதம் கட்டிட்டு இருக்கீங்க. இத படிச்சு முடிச்ச உடனே மொதல் வேலையா அந்த 60ஐ அடைச்சிடுங்க.

சரி, டேப்லெட்டுக்கு வருவோம். அதுக்காகத்தானே எழுதினீங்க.

165 ஹெர்ட்ஸ்ங்கறது கேக்க நல்லா இருக்கு. ஒரு செகண்டுல 60 படம் காட்டுற ஸ்க்ரீன்ல ஒவ்வொரு படமும் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும். 120ல 8.3. 165ல ஏறக்குறைய 6. 60ல இருந்து 120க்கு போறப்ப 8 மில்லிசெகண்டுக்கு மேல மிச்சம், அது கண்ணுக்கே தெரியும், கை விரலுக்கும் தெரியும். 120ல இருந்து 165க்கு போனா மிச்சம் 2 மில்லிசெகண்ட் சொச்சம்தான். இதுல முக்கியமான விஷயம், ஸ்க்ரீன் 165 காட்டினாலும் கேம் அவ்ளோ படம் போட்டாத்தான உண்டு? பப்ஜி மொபைல்ல 120 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 120 படம், வந்ததே 2024லதான், அதுவும் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டும். ஜென்ஷின் ஐபேட்ல 120 போனப்ப கூட ஆண்ட்ராய்டுல ரொம்ப வருஷம் 60லயே நின்னுச்சு. உங்க டேப்லெட் புதுசு, கேம் கம்பெனியோட லிஸ்ட்ல அது ஏறிடுச்சான்னு பாத்தீங்களா? ஏறலன்னா 165 ஹெர்ட்ஸுக்கு காசு கொடுத்து 60லயோ 90லயோ ஆடிட்டு இருப்பீங்க. அதனால மொதல்ல, அந்த டேப்லெட் ஏற்கனவே வாங்கினவங்க யாராவது உங்க ரெண்டு கேமோட கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் பக்கத்த காட்டுற வீடியோவ தேடிப் பாருங்க, சிப் வேகத்துக்கு மார்க் போடுற பெஞ்ச்மார்க் ஸ்கோர் வீடியோ இல்ல, செட்டிங்ஸ் பக்கம். (நான் மட்டும் ஒழுங்கா என்ன, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒண்ணு ஆசையா வாங்கி ஒன்றரை வருஷம் அது 60லயே ஓடிட்டு இருந்தத கண்டுபிடிக்காம உக்காந்திருந்தேன். எக்ஸெல் ஷீட்டுக்கு அது போதும் போல.)

ஃபேன் விஷயத்துல உங்க பக்கம்தான் நான். உங்க போனோட நிஜமான பிரச்சனை சிப் வேகம் இல்ல, சூடு. சூடானா சிப் தன்ன காப்பாத்திக்க வேகத்த தானே குறைச்சுக்கும், அதான் அரை மணி நேரத்துல திக்குது. மொதல் நிமிஷம் எல்லா சிப்பும் ராஜாதான், நாப்பதாவது நிமிஷம் எப்படி ஓடுதுன்னுதான் பாக்கணும். டேப்லெட்டுக்கு உடம்பு பெருசு, சூடு பரவ இடம் இருக்கு, ஃபேனும் இருந்தா இன்னும் நல்லது. ஆனா ஃபேன்னா காத்து போக ஓட்டை வேணும், ஓட்டை வழியா தூசி போகும், சத்தம் வரும், தண்ணி பட்டா சிக்கல். ரெண்டு வருஷம் முந்தின டாப் சிப் நல்ல கூலிங்கோட இருந்தா, மோசமா கூல் ஆகுற புது சிப்ப விட நிம்மதியா ஆடலாம்ங்கறது என் அபிப்ராயம், காசும் கணிசமா மிச்சம்.

ஸ்பெக் ஷீட்ல நான் தேடுற வார்த்தை பைபாஸ் சார்ஜிங். சார்ஜர் போட்டுக்கிட்டே ஆடுறப்ப கரண்ட் பேட்டரிக்குள்ள போகாம நேரா போர்டுக்கு போகும், பேட்டரி சூடாகாது. தினமும் ரெண்டு மணி நேரம் ஆடுறவருக்கு இது 165 ஹெர்ட்ஸ விட பெரிய விஷயம், ஏன்னா டேப்லெட்டுல மொதல்ல சாகுறது சிப் இல்ல, பேட்டரி. அடுத்து சாகுறது அப்டேட். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20ல இருந்து ஒரு விதி வந்திருக்கு, அங்க விக்கிற டேப்லெட் பேட்டரி 800 சார்ஜ் சுற்றுக்கு அப்புறமும் 80 சதவீதம் தாங்கணும், மாடல் விற்பனை நின்ன நாள்ல இருந்து குறைஞ்சது 5 வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் கிடைக்கணும். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் இத ஒரு அளவுகோலா வெச்சுக்கலாம், பாத்து வெச்சிருக்குற மாடலுக்கு கம்பெனி எத்தன வருஷம் அப்டேட்னு எழுத்துல கொடுத்திருக்குன்னு தேடுங்க. எழுத்துல இல்லன்னா இல்லன்னே வெச்சுக்கோங்க. கேமிங் டேப்லெட்ங்கறது கொஞ்ச பேர் வாங்குற ஐட்டம், கம்பெனிக்கு சலிச்சுப் போனா வரிசையே நின்னுடும். 2014ல சிப் கம்பெனி என்விடியா ஷீல்டுன்னு ஒரு கேமிங் டேப்லெட் விட்டாங்க, அப்ப அதுதான் கெத்து, 2015ல பேட்டரி ரொம்ப சூடாகுதுன்னு திரும்ப வாங்கிட்டு வேற கொடுத்தாங்க, கொஞ்ச நாள்ல டேப்லெட்ட விட்டே போயிட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனியே அப்படி.

மெமரி கார்டு போட இடம் இருக்கான்னு பாருங்க, இந்த மாதிரி டேப்லெட்ல பெரும்பாலும் இருக்காது. ஜென்ஷின் மட்டுமே 30 ஜிபிக்கு மேல சாப்பிடும், அதனால ஸ்டோரேஜ் 256 ஜிபிக்கு கீழ போகாதீங்க. சிம் இருக்காங்கறதும் பாருங்க. படிக்கறதுக்கு 9 இன்ச் ஓகே, கீபோர்டு வெச்சு வேலை பாக்க பத்தாது, அந்த காரணத்த லிஸ்ட்ல இருந்து அடிச்சுடலாம். ஸ்ட்ரீமிங் வருமானத்தயும் கணக்குல சேக்காதீங்க. இருக்குற போன்லயே வாரத்துக்கு ரெண்டு நாள்னு ரெண்டு மாசம் ஸ்ட்ரீம் பண்ணிப் பாருங்க, பாக்க ஆள் வந்தா அப்புறம் பேசலாம். பொருள் வாங்கினா பழக்கம் வந்துடும்னு நினைச்சு வாங்குற எதுவும் எனக்குத் தெரிஞ்சு தேறினதில்ல.

இப்ப உங்க லெட்டர்ல நீங்களே கண்டுக்காத ஒரு வரி. கேம்ல மாசம் 5. சின்னதா தெரியுது இல்ல? மூணு வருஷத்துக்கு 180. டேப்லெட் 140தான் தம்பி. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம்னு சொல்லுவாங்களே, அதான் இது. நீங்க டேப்லெட்டுக்கு நாலு வாரம் ரிவ்யூ பாத்திருப்பீங்க, ஸ்கின்னுக்கு நாலு செகண்ட் கூட யோசிச்சிருக்க மாட்டீங்க. ஆப் ஸ்டோர்ல ஆர்டர் ஹிஸ்டரின்னு இருக்கும், ஒரு வருஷத்தோடத கூட்டிப் பாருங்க. மாசம் 5ன்னு சொல்றவங்களுக்கு 8, 9 வர்றத நான் பாத்திருக்கேன். டேப்லெட்டயாவது ஒரு நாள் விக்கலாம், பழசானாலும் ஏதோ வரும். ஸ்கின்ன விக்க முடியுமா? பெரிய ஸ்க்ரீன் வந்தா அந்த 5 குறையும்னும் எனக்குத் தோணல, இன்னும் அழகாத்தான் தெரியும்.

சுத்தமா நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க. மாசம் 1 வெச்சுக்கோங்க.

இப்ப கணக்கு. இன்னைக்கு கார்டு 60 அடைச்சா சேவிங்ஸ் 30. மாசா மாசம் இப்ப உங்க கைல நிக்கிறது 14, கார்டுக்கு போன 3ம் ஸ்கின்ல மிச்சமான 4ம் சேந்தா 21. நாலாவது மாசத்துல இருந்து போன் இஎம்ஐ இல்ல, அப்ப 27. மூணு மாசம் 21, நாலு மாசம் 27, மொத்தம் 171, ஏற்கனவே இருக்குற 30 சேந்து ஏழாவது மாச கடைசில 201. அதுல 100ஐ தொடாதீங்க, அது அவசரத்துக்கு. நியாயமா மூணு மாச செலவு, அதாவது 216 இருந்தாத்தான் நான் டேப்லெட் பத்தியே பேசணும், ஆனா 27 வயசுல தினமும் ஆடுற ஒருத்தருக்கு அப்படி சொன்னா அடுத்த வாரமே இஎம்ஐல போய் எடுத்துடுவீங்கன்னு தெரியும். அதனால 100 அடில, மேல இருக்குற 101 டேப்லெட்டுக்கு. வாங்கினதுக்கு அப்புறமும் மாசா மாசம் அந்த 27ஐ சேக்கறத நிறுத்தக் கூடாது, அவசரத்துக்கு வெச்ச 100 216 ஆகுற வரைக்கும் போகணும்.

101க்குள்ள போன தலைமுறை கேமிங் டேப்லெட், கூட கவர், கன்ட்ரோலர் எல்லாம் அடங்க வாய்ப்பு இருக்கு. இந்த வகை மாடல் வேகமா பழசாகும், புதுசு வந்ததும் பழசோட விலை இறங்கும், ஏழு மாசம் காத்திருக்குறது உங்களுக்கு நஷ்டம் இல்ல. இல்ல சார் எனக்கு இதேதான் வேணும்னா இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க, 155 இருக்கும், கேஷா 130க்கு எடுத்துட்டு மீதில கவர் வாங்கிக்கலாம். ஆனா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்க ரெண்டு கேம்லயும் தெரியுதான்னு அந்த செட்டிங்ஸ் வீடியோவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அது வரைக்கும் போன் சூட்டுக்கு, கவர கழட்டிட்டு ஆடுங்க, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க, கிராஃபிக்ஸ ஒரு படி இறக்கி எஃப்பிஎஸ்ஸ 60ல லாக் பண்ணுங்க. 90க்கும் 40க்கும் நடுவுல ஆடுறத விட நிலையான 60 எவ்வளவோ மேல்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி தலைல கட்டப் பாப்பாங்க, அதுல பேட்டரியும் ஃபேனும் கவர் ஆகுதான்னு மட்டும் கேளுங்க, இல்லன்னா வேணாம். வாங்கின பொட்டி, பில்லு, சார்ஜர் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு விக்கப் போறப்ப மொதல்ல அதத்தான் கேப்பாங்க.