தாத்தா காலத்துத் தோல் நாற்காலிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தோல் வறண்டு வெடிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் செந்தூள் ஒட்டுகிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தடவாதீர்கள். நான் தடவிப் பட்டவன்.

என் தாத்தா வக்கீல். கும்பகோணத்து வீட்டில் கட்சிக்காரர்களை அவர் உட்கார்ந்து பார்த்த நாற்காலி அது. முழங்கை பட்ட இடம் புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்றிருக்கும். மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது பொறுக்காமல் ஒரு கிண்ணம் எண்ணெயைத் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் பளபளத்தது. அப்புறம் கறுத்துப் பிசுபிசுத்தது. ஐப்பசி மழையில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. ஓரத்துப் பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சை மெழுகு மாதிரி ஒன்று கசிந்தது. கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். பல் குத்தும் குச்சியால் ஒவ்வோர் ஆணியாகச் சுரண்டி எடுத்தேன். கறுத்த நிறம் மட்டும் போகவே இல்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்தச் செந்தூள்தான். அந்தக் காலத்தில் நம் பக்கம் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுவார்கள். இப்படித் தாவரச் சத்தில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அது உள்ளுக்குள் அமிலமாகி நாரை அரித்துப் பொடியாக்கிவிடும். செந்தூள் உதிரும் இந்தச் சிதைவைத்தான் ஆங்கிலத்தில் ரெட் ராட் என்பார்கள். பொடிந்த தோலை மறுபடி நல்ல தோலாக்க முடியாது. மேற்கொண்டு உதிராமல் பிடித்து நிறுத்தலாம், அவ்வளவுதான். ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற, தாவர நாரிலிருந்து செய்யும் பசைப்பொடியை ஆல்கஹாலில் கரைத்து மெல்லியதாகப் பூசுவார்கள். பழைய புத்தகங்களின் தோல் அட்டைக்கும் இதே வைத்தியம்தான். ஈரத்துணி போடாதீர்கள், தண்ணீர் பட்ட இடம் கறுத்து விறைத்துவிடும். அதில் யாரும் உட்காரவும் வேண்டாம்.

தூள் உதிராத பகுதிக்கு மெல்லிய பிரஷ் போதும். சோப்பு கூடாது, தோல் அமிலத்தன்மை உள்ளது, சோப்பு காரம். ஜன்னல் வெயில் படாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் அந்த அறையில் ஃபேன் ஓடட்டும்.

வெடிப்பை மட்டும் ஊசி நூலால் தைத்துவிடாதீர்கள். நலிந்த தோல் ஊசித் துளை வழியாகவே கிழிந்து வரும். அடியில் பருத்தித் துணி கொடுத்து ஒட்டத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். புதுத் தோல் மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.